மாம்பழத்துக்கு வந்த விருந்தாளிகள்

எங்கள் குசினி யன்னலின் மேல்தட்டில் ஒரு வெறும் பிளாஸ்டிக் போத்தல் இருக்கிறது. ஒரு காலத்தில் அதற்குள் சோடா இருந்திருக்கும். போத்தலின் வயிற்றில் ஒரு வெள்ளைக் கடதாசி ஒட்டியிருக்கிறது. அதில் மூன்று வரிகள். ‘உயிர் உண்டு’ என்பது முதல் வரி. ‘நிழலில் வைக்கவும்’ என்பது இரண்டாவது. இந்த இரண்டும் அடுப்புப் புகையில் மங்கி, முன்பே வாசித்தவர்களுக்கு மட்டும் விளங்கும்படி ஆகிவிட்டன. மூன்றாவது வரி மட்டும் நேற்று எழுதியது போலக் கறுப்பாக இருக்கிறது: ‘கொதித்து ஆறிய கிணற்று நீரில் கலக்கவும்.’ பிள்ளைகளே, இந்தப் போத்தலை ஏன் எறியாமல் வைத்திருக்கிறேன் என்று நீங்கள் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி மட்டும் ஏன் மங்கவில்லை என்று போன கிழமை சின்னவள் கேட்டாள். “பிறகு சொல்லுறன்” என்று சொல்லிவிட்டு மாமரத்தடிக்குப் போய்விட்டேன். இதை வாயால் சொல்ல எனக்கு வராது. பத்தாம் வகுப்போடு நின்றவன்தான் நான். என்றாலும் மெல்ல மெல்ல எழுதினால் ஒழுங்காக வரும் என்று நினைக்கிறேன். உங்களோடு படிக்கிற பிள்ளைகளும் வாசிக்கட்டும்.

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவில், சரவணையில், வீட்டைச் சுற்றியுள்ள எங்கள் வளவில் பதினொரு மாமரம் நிற்கிறது. எல்லாம் கறுத்தக்கொழும்பான் இனம். ஆனி மாதம் சோளகக் காற்று உரமாக வீசத் தொடங்க, நான் காய் பிடுங்கும் கொக்கத்தடியோடு மரத்தடியில் நிற்பேன். பிடுங்கும்போது காய் ஒரு கீறல் இல்லாமல், கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம் போல இருக்கும். கொழும்புக்குப் போகிற லொறியில் ஏற்றிவிட்டால் நாலாம் நாள் அங்கேயிருந்து போன் வரும். “அண்ணை, பெட்டியைத் திறந்தா முழுக்கக் கறுப்புப் பொட்டு. காம்படி கையோட கழண்டு வருது.” இது பழுக்கும்போது புதிதாக வருகிற நோய் அல்ல. பிஞ்சாக இருக்கும்போதே பங்கசு என்கிற பூஞ்சணம் தோலுக்குள் புகுந்து, ஒரு அடையாளமும் காட்டாமல் ஒளித்திருக்கும். காய் கனிந்து இனிப்பு ஊறுகிற நேரம் பார்த்து வெளியே வரும். நல்ல காய் என்று நம்பி அனுப்புகிறவனுக்கு அது கண்ணில் படாது.

அதற்கு ஒரு மருந்து இருந்தது. பூவும் பிஞ்சுமாக நிற்கும்போது மரத்துக்கு அடிப்பேன். பிறகு பேசினிலும் அதைக் கரைத்து, பிடுங்கிய காய்களை முக்கி எடுத்து, உலரவிட்டு அனுப்புவேன். கையில் உறை போட்டுக்கொண்டு, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு செய்கிற வேலை. கிணற்றடியில் நிற்கிற ஒரு மரத்துக்கு மட்டும் நான் எந்த மருந்தும் காட்டுவதில்லை. அது வீட்டுக்கு. மற்ற மரத்துப் பழத்தில் வாய் வைக்கக்கூடாது என்பது உங்களுக்கு நான் போட்ட சட்டம். ஒருநாள் பெரியவள், அப்போது அவளுக்கு ஏழு வயது இருக்கும், நான் பெட்டி கட்டுகிற இடத்தில் வந்து குந்தியிருந்து கேட்டாள்: “அப்பா, உந்தப் பெட்டி போற வீட்டிலயும் பிள்ளையள் இருப்பினம்தானே?” கயிற்றை இறுக்குவதில் எனக்குப் பெரிய வேலை இருப்பது போலக் குனிந்துகொண்டேன். அவள் எழும்பி விளையாடப் போய்விட்டாள். அந்தக் கேள்வி போகவில்லை.

அந்த வருடம்தான் மிஸ் எங்கள் பக்கத்துக்கு வந்தார். விவசாயக் கந்தோரில் போதனாசிரியராக இருந்தவர். எல்லோரும் ‘மிஸ்’ என்றுதான் சொல்வோம், நானும் அப்படியே எழுதுகிறேன். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தகப்பன் வழியில் புங்குடுதீவு இறுப்பிட்டி. ஆனால் தகப்பனுக்குக் கண்டியில் கடை இருந்ததால் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். எங்களைப் போலக் கதைக்கப் பார்ப்பார். அவசரப்பட்டாலோ பயந்தாலோ ‘அண்ணை’ என்பது ‘அண்ணே’ என்று மாறிவிடும். “இறுப்பிட்டி ஆளெண்டு சொல்லுறா, வாயைத் திறந்தா கண்டி பஸ்ஸெல்லோ வந்து நிக்குது” என்று பக்கத்து வளவு அண்ணை பகிடி பண்ணுவார். மிஸ்ஸின் காதில் விழும்படியாகத்தான் சொல்வார். மிஸ்ஸும் சிரிப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து தீவுக்கு வருகிற பண்ணைப் பாலத்தில் காற்று ஸ்கூட்டியைத் தள்ளுகிற நாளிலும் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பார். முதல் நாளே என்னிடம் கேட்டது ஒரு கேள்விதான்: “மருந்தே படாத மரம் ஏதும் நிக்குதோ அண்ணை?” கிணற்றடி மரத்தைக் காட்டினேன். அதன் கடைசிப் பழங்களை ஈரப் பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்து, அந்தப் பஞ்சுகளை மூடி போட்ட சின்னக் குப்பிகளில் அடைத்துக் கொண்டுபோனார். பழத்தை விட்டுவிட்டு அழுக்கைக் கொண்டு போகிறாரே என்று எனக்கு யோசனையாக இருந்தது.

அடுத்த ஆனியில் இந்தப் போத்தலோடு வந்தார். ஐஸ் பெட்டிக்குள், ஈரச் சாக்கில் சுற்றி, பச்சைக் குழந்தையைக் கொண்டு வருவது போலக் கொண்டு வந்தார். உள்ளே கலங்கலாக, கஞ்சித் தெளிவு போல ஏதோ இருந்தது. என் மனைவி குசினி வாசலில் நின்று, “உதுக்குள்ள என்ன மிஸ்?” என்று கேட்டாள்.

“பற்றீரியா அக்கா.”

“ஐயோ, உள்ளுக்கு வச்சிடாதேங்கோ. பிள்ளையள் புழங்கிற இடம்.”

“நீங்கள் தோசைக்கு மா புளிக்க வைக்கிறது ஆரைக் கொண்டு அக்கா? இவையளைப் போல ஆக்களைக் கொண்டுதான். எல்லாக் கிருமியும் கெட்டதில்லை. இவை உங்கட கிணத்தடி மரத்துப் பழத்தோலில இருந்தவை. நான் கொண்டுபோய்ப் பெருக்கிக்கொண்டு வந்திருக்கிறன், அவ்வளவுதான்.”

வேலிக்கு மேலாகப் பக்கத்து வளவு அண்ணையின் தலை தெரிந்தது. “கிருமிக்குக் கிருமியோ மிஸ்? வருத்தக்காரனுக்கு இன்னொரு வருத்தக்காரனையே டொக்டராப் போட்ட மாதிரியெல்லோ கிடக்கு!”

“அண்ணை குறிகட்டுவான் பஸ்ஸில போறனீங்கள்தானே? யாழ்ப்பாணத்திலயே நல்ல சனம் ஏறி எல்லாச் சீற்றிலயும் இருந்திட்டா, பண்ணையில குடிச்சிட்டு ஏறுற வெறிகாரனுக்கு இடம் கிடைக்குமோ?”

“கிடைக்காது. ஆனா நிண்டுகொண்டு கத்துவான்.”

“கத்தட்டும். சீற்றில நீட்டி நிமிந்து படுக்க ஏலாதுதானே. பழத்தோல்தான் பஸ். இவையள் முதலே ஏறி இருந்து, அங்க இருக்கிற சாப்பாட்டையும் சாப்பிட்டிட்டா, பங்கசு பரவ இடமில்லை. அதோட, பங்கசை வளர விடாத ஒரு சாறும் இவையளிட்ட இருக்கு.”

அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து அவை அவருக்கு ‘மிஸ்ஸின்ர பஸ் சனம்’. ஆனால் மிஸ் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னிடமும் மனைவியிடமும் ஒரு விஷயம் சொன்னார். பத்தாம் நாள் பெரிய அதிகாரியும், வேலணை, புங்குடுதீவுப் பக்கத்துத் தோட்டக்காரரும் எங்கள் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். பழம் நின்றுபிடித்தால், தீவுப் பகுதிக்கென்று இதை வளர்த்தெடுக்க ஒரு அறை தருவார்கள். அழுகினால், இதோடு விட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். “ஒரு வருச வேலை அண்ணை, உங்கட கையில தந்திட்டுப் போறன்” என்றார். அன்று அவருக்கு நயினாதீவில் ஒரு கூட்டம் இருந்தது. படகுக்கு நேரமாகிவிட்டதால், பாதிக் காயைக் கரைசலில் முக்கவும் பாதியை வெறும் தண்ணீரில் முக்கவும் சொல்லி, போத்தலின் மூன்று வரியையும் ஒருதரம் வாசித்துக் காட்டிவிட்டுப் போனார்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். ஆனி, ஆடியில் இன்னும் உவர்க்கும். கால் கழுவ, மரத்துக்கு விட, பாத்திரம் விளக்க அது போதும். வீட்டுக்கு வந்தவர்களுக்கு அதைக் கொடுக்க மாட்டோம். பவுசர் லொறியில் வருகிற நல்ல தண்ணீரைத் தாங்கியில் பிடித்து வைத்து, பிள்ளைகள் ஒரு செம்பு கூட வீணாக்காமல் பார்த்து, வருகிறவர்களுக்கு அதில்தான் தேத்தண்ணி. நெருப்புக் கோடையிலும் அதில் நாங்கள் குறை வைப்பதில்லை. இது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அன்று கிணற்றில் ஒரு வாளி அள்ளி வாயில் விட்டுப் பார்த்தேன். கரித்தது. ஒரு வருடம் பாடுபட்டு வளர்த்துக் கொண்டு வந்திருக்கிறது அந்தப் பிள்ளை, உயிருள்ள சாமான் வேறு, இதையா அதுகளுக்கு ஊற்றுவது என்று எனக்கு மனம் கேட்கவில்லை. மிஸ் பவுசர் தண்ணீரை எங்களிடம் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் கிணற்று நீர் என்று எழுதியிருக்கிறார் என்று நானே ஒரு நியாயமும் கண்டுபிடித்தேன். தாங்கியைத் திறந்துவிட்டேன். இன்னொன்றும் உண்டு. குடிதண்ணீருக்குப் போடச் சொல்லித் தந்த குளோரின் மாத்திரை, அந்த வெள்ளைக் குளிசை, வீட்டில் இருந்தது. தாங்கிக்கு ஒன்று போதும். மிஸ் வருகிற நாள், சுத்தத்தில் ஒரு குறையும் வரக்கூடாது என்று காலையிலேயே மூன்றைப் போட்டிருந்தேன்.

மனைவி தலையில் கை வைத்தாள். “குடிக்கிற தண்ணியிலயோ மாங்காயைக் குளிப்பாட்டுறியள்?”

“வந்திருக்கிறது விருந்தாளியளப்பா” என்றேன். எனக்கு அப்போது உள்ளுக்குள் ஒரு பெருமை.

ஆறாம் நாள் முதல் பொட்டு தெரிந்தது. கரைசலில் முக்கிய தட்டிலும் தெரிந்தது, வெறும் தண்ணீர்த் தட்டிலும் தெரிந்தது. பத்தாம் நாள் எங்கள் விறாந்தையில் கதிரை போதாமல் ஆட்கள் நின்றார்கள். இரண்டு தட்டையும் வெளியே கொண்டு வந்து வைத்தோம். எது எந்தத் தட்டென்று பிரிக்க ஏலாத அளவுக்கு இரண்டும் ஒரேமாதிரிக் கறுத்திருந்தன. பக்கத்து வளவு அண்ணை மெல்ல, “பஸ் சனம் இடையில இறங்கிப் போட்டுதுகள் போல” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெரிய அதிகாரி சிரிக்கவில்லை. “சோதனைக் குழாய்க்குள்ள நடக்கிறதெல்லாம் வளவுக்குள்ள நடக்காது மிஸ். திங்கட்கிழமைக்கிடையில அறிக்கையைத் தாங்கோ” என்றார்.

மிஸ் ஒரு பழத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கொப்பியைத் திறந்து என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். போத்தல் வெயிலில் இருந்ததா? இல்லை. எவ்வளவு நேரம் முக்கினீர்கள்? சொன்ன நேரம். எங்கே உலரவிட்டீர்கள்? நிழலில். எல்லாம் உண்மைதான். கடைசியாகக் கேட்டார்: “தண்ணி என்ன தண்ணி அண்ணை?”

அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீரால்தான் அழுகியது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் எழுதித் தந்ததை மாற்றிச் செய்தவன் என்பது தெரியும். “நீங்கள் எழுதித் தந்த தண்ணிதான்” என்றேன்.

அவர் தலையாட்டினார். “அப்ப பிழை என்ர பற்றீரியாவிலதான்” என்று சொல்லி, அதைக் கொப்பியிலும் எழுதினார். அந்தப் பேனை கடதாசியில் ஓடிய சத்தம் எனக்குக் கேட்டது. விறாந்தையில் அவ்வளவு சனம் நின்றும் கேட்டது.

மூன்று நாள் அப்படியே போனது. சனிக்கிழமை மனைவி கடைக்குப் போய் வந்தாள். கையில் ஒரு சாமானும் இல்லை. “கடைக்காரரிட்ட மன்னிப்புக் கேட்டிட்டு வாறன்” என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் குளிசை போட்ட அன்று அவள் அரைத்து வைத்த தோசை மா பொங்கவில்லையாம். உளுந்து பழசு என்று கடைக்காரரோடு சண்டை பிடித்திருக்கிறாள். நேற்று அதே உளுந்தை, குளிசை போடாமல் வந்த தண்ணீரில் அரைக்க, சட்டி வழியப் பொங்கியிருக்கிறது. “மாவைப் புளிக்க வைக்கிற ஆக்களும் இவையளைப் போலத்தான் எண்டு மிஸ் சொன்னவ எல்லோ? நீங்கள் போட்ட மூண்டு குளிசையிலதான் அதுகள் செத்தது. அப்ப மிஸ்ஸின்ர ஆக்கள்?” அவள் என் முன்னால் வந்து நின்றாள். “நான் உளுந்துக்குப் போய்ச் சொல்லிப்போட்டு வந்திட்டன். நீங்கள் எப்ப போறியள்?”

பிள்ளைகளே, அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் எனக்குள் வாதாடினேன். மிஸ்ஸுக்குச் சம்பளம் வருகிறது, அறை இல்லாவிட்டால் என்ன, அடுத்த வருடம் வேறு யாராவது செய்வார்கள், நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லையே. எல்லாம் சரியான கதைகள் போலத்தான் இருந்தன. ஆனால் பங்கசு தோலுக்குள் இருந்தபடிதான் காய் வெளியே பச்சையாக இருக்கிறது. அதை வருடக்கணக்காகப் பார்த்தவன் நான். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போனேன்.

கந்தோரில் மிஸ் அறிக்கையை முடித்துப் பெரிய அதிகாரியின் மேசையில் வைத்துவிட்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். “என்ன அண்ணை இவ்வளவு தூரம்?” நான் கதிரையில் இருக்கவில்லை. தாங்கித் தண்ணீர், மூன்று குளிசை, விறாந்தையில் சொன்ன பொய், எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் அல்ல. “போத்தலில மிச்சமிருந்ததை நான் பாத்தனான் அண்ணே. எல்லாம் உயிரோடதான் இருந்தவை. உயிரோட இருந்தும் ஏன் வேலை செய்யேல்லை எண்டு நாலு நாளா யோசிச்சு எனக்கு விசர் பிடிச்ச மாதிரி...” என்று தொடங்கி நிறுத்திவிட்டார். பிறகுதான் கோபம் வந்தது. “வடிவா எழுதித் தந்தனான்தானே? வாசிச்சும் காட்டினனான். ஏன் அண்ணே அப்பிடிச் செய்தனீங்கள்?”

“எங்கட வீட்டுக்கு வாறவைக்கு நாங்கள் கிணத்துத் தண்ணி குடுக்கிறேல்லை மிஸ்.”

அவருக்குக் கண் கலங்கியது. அதோடு சிரிப்பும் வந்தது. “அதுகள் உங்கட வளவிலயே பிறந்ததுகள் அண்ணை. அந்த உவருக்குப் பழகினதுகள்” என்றார்.

பெரிய அதிகாரி, “இதை எழுத்தில தருவீரோ?” என்று கேட்டார். “ஓம்” என்றேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதிய முதல் கடிதம் அது. நாலு வரி. இரண்டு கடதாசி கிழிந்தது. அவர் வாசித்துவிட்டு, அறிக்கையை மிஸ்ஸிடமே திருப்பிக் கொடுத்தார். “மரத்தில இன்னும் காய் கிடக்கோ?” என்றார்.

பருவம் முடிகிற நேரம். காய் மிச்சம் இருந்தது கிணற்றடி மரத்தில் மட்டும்தான். அது உங்கள் மரம். வீட்டுக்கு வந்து பெரியவளிடம் கேட்டேன். “எங்களுக்கு ஒண்டும் மிஞ்சாதோ?” என்றாள். அழுகினால் மிஞ்சாது என்றேன், பொய் சொல்லவில்லை. அவள் மரத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்தாள். “சரி, பிடுங்குங்கோ.” இந்த முறை மிஸ்ஸும் கூட இருந்தார். கிணற்றில் அள்ளி, கொதிக்க வைத்து, பெரிய பானையில் ஆறும்வரை நாங்கள் எல்லோரும் சுற்றி இருந்து காத்தோம். சூடு போய்விட்டதா என்று மனைவி மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள், பிள்ளையைக் குளிப்பாட்டப் போகிறவள் போல. பத்தாம் நாள் கரைசலில் முக்கிய தட்டைத் திறக்க, அறை முழுக்க மணத்தது. எல்லாம் தப்பவில்லை. சில பழங்களில் காம்படி கறுத்துத்தான் இருந்தது, மிஸ் அதையும் மறைக்காமல் எழுதினார். ஆனால் மற்றத் தட்டைப் பக்கத்தில் வைத்தபோது யாரும் ஒன்றும் விளக்கத் தேவைப்படவில்லை. பக்கத்து வளவு அண்ணை ஒரு பழத்தைத் தோலோடு கடித்துவிட்டு, “பஸ் சனம் நல்ல உருசை” என்றார்.

அறை உடனே வரவில்லை. வந்தபோது மிஸ் மாற்றலாகிப் போயிருந்தார். இப்போது மேல்படிப்புக்காக வெளிநாட்டில் இருக்கிறார் என்று கேள்வி. கரைசல் இப்போது அச்சடித்த தாள் ஒட்டின புதுப் போத்தலில் வருகிறது. கொண்டு வருகிற தம்பி போன ஆனியிலும் கொப்பியைப் பார்த்துக் கேட்டார், “தண்ணி என்ன தண்ணி ஐயா?” என்று. நான் பதில் சொல்லமுதல் குசினி வாசலில் நின்ற என் மனைவி, “ஓம், சொல்லுங்கோ, என்ன தண்ணி?” என்றாள். “கிணத்துத் தண்ணி!” என்றேன். “விளங்குது, ஊருக்கே கேட்டிட்டுது” என்று வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. பழைய மருந்தை நான் விட்டுவிட்டதால், இப்போது வீட்டுக்கென்று தனி மரம் எங்கள் வளவில் இல்லை. சின்னவள் கட்டி வைத்த பெட்டியைக் கூடப் பிரித்து எடுத்துக் கடிக்கிறாள். நான் சத்தம் போடுவது பெட்டியைப் பிரித்ததற்காக மட்டும்தான்.

பழைய போத்தலை ஒவ்வொரு ஆனியும் முதல் காய் பிடுங்கமுதல் கீழே இறக்குவேன். புகையைத் துடைத்து, அந்த மூன்றாவது வரியின்மேல் எழுத்து எழுத்தாகப் பேனையை ஓட்டுவேன். வருடா வருடம் எழுத்துத் தடித்துப் போவதைப் பார்த்துப் பெரியவள், “நான் கொம்பியூட்டரில அடிச்சு ஒட்டி விடவோ அப்பா?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்த எழுத்து மிஸ்ஸுடையது. அதன்மேல் போகிற மை என்னுடையதாக இருக்க வேண்டும்.